ஊருக்கே தெரியும், புள்ளைக்கும் தெரியட்டும்: தத்தெடுக்குற வீட்டுக்கு ஒரு தாய்மாமன் சொல்றது

ராம்நாடு கடக்கரைப் பக்கம் தத்தெடுக்கப் போறோம்னு சொன்னா மொத ஆளா வந்து நிக்கிற புத்திமதி என்னன்னா “யாருக்கும் தெரியாம பாத்துக்கங்க”ங்கிறதுதான். பாம்பன்லயும் தங்கச்சிமடத்துலயும் மண்டபத்துலயும் இது நடக்குற காரியமாங்க? வயிறு தெரியல, வளைகாப்பு போடல, ஆத்தா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகல, திடீர்னு ஒரு நாள் கையில குழந்தையோட பஸ்ஸ விட்டு இறங்குனா மீன் ஏலம் விடுற எடத்துல இருந்து குழாயடி வரைக்கும் சாயங்காலத்துக்குள்ள சேதி போயிரும். அப்புறம் என்ன ஆகும், ஊருக்கே தெரியும், அந்தப் புள்ளைக்கு மட்டும் தெரியாது. பத்து வயசுல பதினஞ்சு வயசுல எவனோ ஒருத்தன் சண்டையில வாய விட்ருவான். அதனால நான் சொல்றது எல்லாமே ஒரே விஷயத்தச் சுத்தித்தான் இருக்கும், ஒளிக்காதீங்க, மொதல்ல தெரிய வேண்டிய ஆளு அந்தப் புள்ளதான்.

எங்க அக்காவும் மச்சானும் சட்டப்படி ஒரு பொம்பளப்புள்ளைய தத்தெடுத்தவங்க. நான் தாய்மாமன். பேப்பர் வேலைக்கு அலைஞ்சதும் நான்தான், காதுகுத்துக்கு மடியில உக்கார வச்சதும் நான்தான், அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி

நம்ம பக்கம் குழந்தை இல்லாதவங்க போகாத எடம் கிடையாது. ராமேஸ்வரத்துல நாகப் பிரதிஷ்டை, தேவிபட்டினம் நவபாஷாணத்துல பரிகாரம், ஏர்வாடி தர்கா, ஓரியூர் அருளானந்தர், நடுவுல மதுரைக்குப் போயி ட்ரீட்மெண்டு, ஊசி, கடன். இதெல்லாம் போறது அவங்கவங்க நம்பிக்கை, நான் அதுல வாய் வைக்கல. ஆனா ஒன்னு, “தத்தெடுத்தா அந்த ராசில சொந்தமா ஒன்னு தங்கும்”னு பெரியவங்க சொல்லுவாங்க பாருங்க, அந்த நெனப்போட மட்டும் எடுக்காதீங்க. வர்ற புள்ள பரிகாரத்துக்கு வரல. சொந்தமா பொறக்கவே இல்லன்னாலும் இந்தப் புள்ள ஒன்னே போதும்னு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் மனசுல படணும், ஒருத்தருக்குப் பட்டு இன்னொருத்தர் தலையாட்டுறது பத்தாது. ட்ரீட்மெண்ட நிறுத்துன வேதனை கொஞ்சம் அடங்கட்டும், ஆறு மாசம் ஒரு வருஷம் தள்ளுனா ஒன்னும் குடிமுழுகிப் போயிறாது. எப்படியும் பதிவு பண்ணதுக்கப்புறம் காத்திருக்கத்தான் வேணும், கைக்குழந்தை வேணும்னா இப்ப மூணு வருஷத்துக்கு மேலயும் ஆகுது.

பேப்பர் வேலை

அப்பா அம்மா இல்லாத, விட்டுட்டுப் போன, ஒப்படைச்ச குழந்தைகளத் தத்தெடுக்குறதுக்கு ஒரே வழி காராங்குற மத்திய தத்துவள ஆணையத்தோட ஆன்லைன் போர்ட்டல்தான். 2015-ல வந்த சிறார் நீதிச் சட்டமும் 2022-ல வந்த தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகளும்தான் இதுக்கு அடிப்படை. முன்னாடி கோர்ட்டுக்குப் போகணும், இப்ப 2022 செப்டம்பர்ல இருந்து கலெக்டரே தத்து ஆணை குடுக்குறாரு. எதுவும் புரியலன்னா ராமநாதபுரத்துல மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுன்னு ஒரு ஆபீஸ் இருக்கு, நேரா அங்க போயி கேளுங்க, புரோக்கர் எதுக்கும் தேவையே இல்ல.

யாரு எடுக்கலாம்னா, கல்யாணம் ஆனவங்க குறைஞ்சது ரெண்டு வருஷமாவது ஒழுங்கா சேந்து வாழ்ந்திருக்கணும். தனியா இருக்குற பொம்பளையும் எடுக்கலாம், ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையா இருந்தாலும். தனியா இருக்குற ஆம்பள பொம்பளப்புள்ளைய எடுக்க முடியாது. குழந்தைக்கும் உங்களுக்கும் 25 வயசு வித்தியாசம் இருக்கணும். புருசன் பொண்டாட்டி வயசக் கூட்டிப் பாப்பாங்க, ரெண்டு வயசுக்குள்ள குழந்தைன்னா கூட்டுனது 85-அத் தாண்டக்கூடாது, 2-ல இருந்து 4-க்கு 90, 4-ல இருந்து 8-க்கு 100, அதுக்கு மேல 18 வரைக்கும் 110. தனி ஆளுன்னா 40, 45, 50, 55. நம்ம ஆளுக எல்லா ட்ரீட்மெண்டும் முடிச்சு எல்லா கோயிலும் சுத்தி வர்றப்ப ரெண்டு பேருக்கும் சேத்து தொண்ணூறு ஆயிருக்கும், அப்புறம் பச்சக் குழந்தைதான் வேணும்னு நின்னா கெடைக்காது. நாலு வயசு ஆறு வயசுப் புள்ளைகளுக்கு ஆள் வர மாட்டேங்குறாங்க, அதையும் கொஞ்சம் யோசிங்க.

சம்பளம் இம்புட்டு இருக்கணும், சொந்த வீடு இருக்கணும்னு கட்டாயம் எதுவும் இல்ல, ஆனா வருமானம் இருக்குன்னு காட்டணும். கடல் தொழிலுக்குப் போறவங்களுக்கு சம்பள சிலிப் ஏது, அதனால இ-சேவை மையத்துல போட்டு வருமானச் சான்றிதழ் வாங்கிக்கங்க. எங்க வீட்டுல இழுத்தடிச்சது எதுன்னு கேட்டா கல்யாண சர்டிபிகேட்டுதான், கோயில்ல தாலி கட்டுனாங்க, மண்டபத்துல சாப்பாடு போட்டாங்க, பதிவு பண்ணணும்னு எவனுக்குத் தோணுச்சு. அது போக ஆதார்ல ஒரு இனிஷியல், பான் கார்டுல வேற இனிஷியல். இதெல்லாம் சரி பண்ணிட்டு அப்புறம் போர்ட்டல்ல ஏறுங்க. ரெண்டு பேருக்கும் மெடிக்கல் சர்டிபிகேட்டும், தெரிஞ்சவங்க ரெண்டு பேரு குடுக்குற பரிந்துரைக் கடிதமும் கேப்பாங்க.

அப்புறம் வீட்டு ஆய்வுன்னு ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவாங்க. வீட்டுக்கு வெள்ளையடிச்சு புது சோபா வாங்கிப் போட்ட குடும்பத்தயெல்லாம் பாத்திருக்கேன், அவங்க அதப் பாக்க வரல. வீட்டுல வேற யாரு இருக்கா, அவங்களுக்கு சம்மதமா, நாளைக்கு புள்ளகிட்ட உண்மைய எப்பச் சொல்லுவீங்க, இதத்தான் கேப்பாங்க. எங்க வீட்டுக்கு வந்தவங்க மச்சானோட அம்மாவப் பாத்து, “புள்ள கறுப்பா இருந்தா உங்களுக்குப் பரவாயில்லயாம்மா?”னு கேட்டாங்க. அத்தை தட்டுல கருவாட்டப் பொறுக்கிக்கிட்டே, “இந்தக் கடக்கரை வெயிலுக்கு எந்தப் புள்ளம்மா செவப்பா நிக்கும், பெத்ததெல்லாம் கரிக்கட்டையாத்தான் திரியுது”ன்னு சொல்லிருச்சு. வந்தவங்க சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டாங்க.

முறை வந்து ஒரு குழந்தைய ஒதுக்குனா குழந்தையோட போட்டோ, மருத்துவ அறிக்கை, குழந்தையப் பத்தின ஆய்வறிக்கை எல்லாம் காட்டுவாங்க, சரின்னு சொல்ல 48 மணி நேரம்தான். அந்த மருத்துவ அறிக்கைய உங்களுக்குப் பழக்கமான குழந்தை டாக்டர்கிட்ட அன்னைக்கே காட்டிக் கேட்டுருங்க. அப்புறம் நேர்ல போயி பாத்து, தத்துக்கு முந்தின பராமரிப்புல வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, கலெக்டர் ஆணை வந்து, அத வச்சு உங்க பேரு அப்பா அம்மாவா போட்ட பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம். ரெண்டு வருஷத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து பாத்துட்டுப் போவாங்க, பயப்படாதீங்க, உளவு பாக்க வரல, புள்ளைக்கு தூக்கம் வரல சாப்பாடு எறங்கலன்னா அவங்ககிட்டயே கேக்கலாம்.

இன்னொன்ன இங்கயே சொல்லிப்புடுறேன். “அந்த ஆஸ்பத்திரில ஒரு குழந்தை இருக்கு, ரெண்டு லட்சம் குடுத்தா உன் பேருலயே பிறப்புச் சான்றிதழ் போட்டுத் தந்துருவாங்க”ன்னு ஒருத்தன் கண்டிப்பா வருவான். போகாதீங்க. அது குழந்தைய விலைக்கு வாங்குறது, அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயிலு, ஆஸ்பத்திரி ஆளுகளே இதச் செஞ்சா ஏழு வருஷம் வரைக்கும் போகும். ஜெயிலக்கூட விடுங்க, ரெண்டு வருஷம் பாலூட்டித் தாலாட்டி வளத்த புள்ளைய போலீஸ் வந்து தூக்கிட்டுப் போனா அந்தப் புள்ள என்னத்துக்கு ஆகும். யாராச்சும் வளக்க முடியாத குழந்தைய வச்சுக்கிட்டு தவிச்சா 1098-க்கு போன் அடிக்கச் சொல்லுங்க, குழந்தைகள் நலக் குழுகிட்ட ஒப்படைக்கலாம், மனசு மாறினா திரும்ப வாங்கிக்க ரெண்டு மாசம் டயமும் இருக்கு.

தம்பி புள்ளைய அண்ணன் வளக்குறது

கடக்கரையில இதுதான் ரொம்ப நடக்கும். தம்பிக்கு மூணு, அண்ணனுக்கு ஒன்னும் இல்ல, மூணாவது புள்ள பெரியப்பா வீட்டுலயே சாப்பிட்டு பெரியப்பா வீட்டுலயே தூங்கி வளந்துரும், ஒரு பேப்பரும் இருக்காது. பாசத்துல ஒரு கொறையும் இருக்காது, சிக்கல் பின்னாடிதான். ஸ்கூல்ல அப்பா பேரு ஒன்னு, ரேஷன் கார்டுல இன்னொன்னு. வளத்த அப்பா கடலுக்குப் போயி திரும்பி வரலன்னு வைங்க, அப்ப நிவாரணத்துக்கும் வாரிசு சான்றிதழுக்கும் தாசில்தார் ஆபீஸ்ல போயி நின்னா, பேப்பர்ல இல்லாத புள்ள வாரிசு இல்லதான். படகு பெரியப்பா பேருல, கூடவே தொழிலுக்குப் போனது இந்தப் பய, கடைசில கேட்டா “நீ யாருப்பா”ம்பாங்க. இது நான் கண்ணால பாத்த கொடுமை, மூணு குடும்பம் பேச்சு வார்த்தை இல்லாமப் போச்சு.

அதனால சொந்தத்துக்குள்ள எடுத்தாலும் எழுதுங்க. இந்துக் குடும்பம்னா 1956-ஆம் வருஷ இந்து தத்தெடுப்பு ஜீவனாம்சச் சட்டப்படி பெத்தவங்க குடுத்து வளக்குறவங்க வாங்கி, தத்துப் பத்திரத்த சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணிக்கலாம். புள்ளைக்கு 15 வயசு ஆகியிருக்கக் கூடாது, உங்களுக்கு ஏற்கனவே மகன் இருந்தா மகன எடுக்க முடியாது, மகள் இருந்தா மகள எடுக்க முடியாது, ஆம்பள பொம்பளப்புள்ளைய எடுத்தாலோ பொம்பள ஆம்பளப்புள்ளைய எடுத்தாலோ 21 வயசு வித்தியாசம் வேணும், காசு கை மாறவே கூடாது. இல்லன்னா எந்த மதமா இருந்தாலும் காரா போர்ட்டல்லயே உறவுக்குள்ள தத்துன்னு பதிவு பண்ணலாம், அதுல சித்தப்பா பெரியப்பா அத்தை மாமா தாத்தா பாட்டி வரைக்கும் வருவாங்க, மேல சொன்ன வயசுக் கூட்டல் கணக்கு அவங்களுக்குக் கெடையாது. அஞ்சு வயசு தாண்டுன புள்ளன்னா புள்ளயோட சம்மதமும் வேணும், அது நல்ல விதி.

உறவுக்குள்ள எடுக்குறப்ப பெத்த அம்மா தெரு முனையிலதான் இருக்கும். புள்ள ரெண்டு பேரையும் என்னன்னு கூப்பிடும், அடிக்கிற உரிமை யாருக்கு, காய்ச்சல்னா முடிவு யாரு எடுப்பா, இதெல்லாம் மொதல்லயே உக்காந்து பேசிருங்க. சண்டை வந்தா “எம்புள்ளையத் திருப்பிக் குடு”ங்கிற வார்த்தை வரவே கூடாது, சட்டப்படி முடிஞ்ச தத்த ரத்து பண்ண அந்த 1956 சட்டத்துல எடமும் கெடையாது.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் இருக்குறவங்களுக்கு

கீழக்கரையில எனக்குத் தெரிஞ்ச காக்கா (அங்க அண்ணன அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒருத்தர் ரொம்ப நாளா தயங்கிக்கிட்டே இருந்தாரு, நம்ம மார்க்கத்துல தத்து இல்லயேன்னு. யத்தீம் (அனாதை) புள்ளைய வளக்குறதுக்கு எம்புட்டு சிறப்பு இருக்குன்னு அவருக்கே தெரியும், பெத்த தகப்பன் பேர மாத்துறதுதான் கூடாதுங்கிறது. நாட்டுச் சட்டத்துல, 2014-ல சுப்ரீம் கோர்ட்டு ஷப்னம் ஹாஷ்மி கேஸ்ல தெளிவா சொல்லிருச்சு, எந்த மதத்தச் சேந்தவங்களும் சிறார் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கலாம், விருப்பம் இருக்குறவங்க எடுக்கலாம், யாரையும் கட்டாயப்படுத்தல. அது வேண்டாம்னு நெனைக்கிறவங்க 1890-ஆம் வருஷ காப்பாளர் சட்டப்படி கோர்ட்டுல காப்பாளரா ஆகிக்கலாம், ஆனா அது புள்ளைக்கு 18 வயசு வரைக்கும்தான், மகன் மகள்ங்கிற அந்தஸ்து வராது.

மஹ்ரம், அதாவது கல்யாணம் முடிக்கக் கூடாத நெருங்குன உறவாக்குற விஷயத்துக்கு சில வீட்டுல வளக்குற உம்மாவோ அவங்க ராத்தாவோ (அக்கா), குழந்தைக்கு ரெண்டு வயசு ஆகுறதுக்குள்ள பால் குடுத்து பால்குடி உறவாக்கிக்கிறாங்க, எப்படி எத்தனை தடவைங்கிறத உங்க ஆலிம்கிட்ட கேட்டுக்கங்க, டாக்டர்கிட்டயும் கேளுங்க. சொத்துக்கு உயிரோட இருக்கும்போதே ஹிபா (தானம்), இல்லன்னா மூணுல ஒரு பங்கு வரைக்கும் வஸிய்யத்து (உயில்)னு வழி இருக்கு. எதுவா இருந்தாலும் எழுதி வச்சிருங்க, மத்த வாரிசுகளுக்கும் தெரிய வச்சே எழுதுங்க.

வந்த புதுசுல

புள்ள வந்த அன்னைக்கே ஊரையே கூட்டி பிரியாணி போடுறது நம்ம பழக்கம். அத ஒரு ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போடுங்க. அதுவரைக்கும் இல்லத்துல ஆயாக்களோட, பத்துப் புள்ளைகளோட படுத்துத் தூங்குனது, இங்கிட்டு வந்தா எல்லாமே புது முகம், ஒவ்வொருத்தரும் தூக்கிக் கொஞ்சுனா இதுல அம்மா யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும். ஊட்டுறது, குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது மூணும் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான்னு கறாரா வைங்க. மத்தவங்க வந்து பாக்கட்டும், சிரிக்கட்டும், போகட்டும். எனக்கே தூக்குறதுக்கு ரொம்ப நாள் ஆச்சு, கோவந்தான் வந்துச்சு, ஆனா அதுதான் சரி.

இல்லத்துல இருந்து கூட்டிட்டு வர்றப்ப ஆயாகிட்ட உக்காந்து கேளுங்க, எந்தப் பக்கமாப் படுத்தா தூங்கும், சோத்துக்கு என்ன சொல்லும், தண்ணிக்கு என்ன சொல்லும், எந்தப் பாட்டுக்கு அழுகைய நிறுத்தும்னு. அது பொத்திக்கிட்டுத் தூங்குன துணிய வாங்கிட்டு வாங்க, தொவைக்காம வைங்க, அந்த வாசம் வேணும் அதுக்கு.

எங்க மருமக வந்தப்ப ரெண்டு வயசு தாண்டிருச்சு. கடல்னா என்னன்னே தெரியாது, அலைச் சத்தம் கேட்டாலே அப்பா கழுத்தக் கட்டிக்கும். அதவிடப் பெரிய பிரச்சனை மீனு. பருப்புச் சோறும் முட்டையும் சாப்பிட்டு வளந்த புள்ளைக்கு மீன் வாடையே ஆகல, இந்த வீட்டுலயோ மூணு வேளையும் மீனு. அப்பத்தா ஒன்னும் கட்டாயப்படுத்தல. தெனம் தான் சாப்பிடுறப்ப பக்கத்துல உக்கார வச்சு, நகரை மீன எடுத்து நடு முள்ள உருவி, சதைய ரெண்டு விரலால தடவித் தடவிப் பாத்து சின்ன முள்ள எடுத்து தட்டு ஓரத்துல வரிசையா அடுக்கும். புள்ளைக்கு மீன் வேண்டாம், அந்த முள்ள எண்ணுறது மட்டும் புடிச்சுப் போச்சு. எண்ணிக்கிட்டே இருந்தது ஒரு நாள் அதுவா வாயத் தொறந்துச்சு. இப்ப காரல் மீனயே முழுசா மெல்லுது.

பெரிய புள்ளைகன்னா வேற மாதிரி வரும். தலையணைக்குக் கீழ பிஸ்கட்ட ஒளிச்சு வைக்கும், ராத்திரி எந்திரிச்சு நீங்க இருக்கீங்களான்னு பாக்கும், வேணும்னே வம்பு பண்ணி திருப்பி அனுப்புறீங்களான்னு சோதிக்கும். திருட்டுப் புத்தின்னு சொல்லிறாதீங்க. சாப்பாட்டு டப்பா ஒன்ன அது கைக்கு எட்டுற எடத்துல வச்சு, எப்ப வேணா எடுத்துக்கன்னு விட்ருங்க. “ஒழுங்கா இல்லன்னா கொண்டு போயி விட்ருவேன்”ங்கிற மிரட்டல் பெத்த புள்ளைகிட்ட வெளையாட்டு, இதுககிட்ட அது இடி.

அம்மாவுக்கும் ஒன்னு சொல்லணும். புள்ள வந்த உடனே பாசம் பீறிட்டுக்கிட்டு வரலன்னா கொழம்பாதீங்க, சில பேருக்கு மாசக்கணக்கு ஆகும், பெத்தவங்களுக்கே அப்படி ஆகுது. ரொம்ப அழுகையா வந்தா, தூக்கம் போயிருச்சுன்னா டாக்டரப் பாருங்க.

புள்ளைகிட்ட எப்படிச் சொல்றது

பதினெட்டு வயசு ஆகட்டும், கல்யாணம் ஆகட்டும்னு காத்திருக்குறவங்கதான் கடைசில அடி வாங்குறாங்க. பேச்சு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிங்க, தொட்டில்ல ஆட்டுறப்பவே கதையா. “அம்மாவும் அப்பாவும் ஒரு பாப்பா வேணும்னு ரொம்ப நாள் காத்துக்கிட்டு இருந்தாங்களாம், பாம்பன் பாலத்துல ரயிலேறி போனாங்களாம், அங்க ஒரு வீட்டுல நீ மஞ்சக் கவுனு போட்டு உக்காந்திருந்தியாம்.” அக்கா இதத்தான் தெனம் ராத்திரி சொல்லும், புள்ள நடுவுல “மஞ்ச இல்ல, பச்ச”ன்னு திருத்தும். அந்த அளவுக்குப் பழகிருச்சுன்னா அப்புறம் அத வச்சு யாரும் அதக் காயப்படுத்த முடியாது.

நாலு அஞ்சு வயசுல “நான் உன் வயித்துல இருந்தேனா?”னு கேக்கும். இல்ல, வேற ஒரு அம்மா வயித்துல இருந்த, அவங்களால வளக்க முடியல, நாங்க வந்து உன் அம்மா அப்பா ஆனோம்னு நேராச் சொல்லுங்க. பெத்தவளத் திட்டாதீங்க, குப்பைத் தொட்டில போட்டாங்கங்கிற மாதிரி பேச்சு வேண்டாம், தெரியாத விவரத்த இட்டுக்கட்டி அவங்க செத்துட்டாங்கன்னும் சொல்லாதீங்க. ஏழு எட்டு வயசுக்கு மேல “ஏன் என்னைய விட்டாங்க?”ன்னு வரும், இதான் கஷ்டமான கேள்வி. நீ ஏதும் தப்புப் பண்ணல, பெரியவங்களோட சூழ்நிலைங்கிறத திரும்பத் திரும்பச் சொல்லணும், அழுதா அழட்டும், கூட உக்காருங்க, உடனே ஐஸ்கிரீம் வாங்கித் தந்து மூடப் பாக்காதீங்க.

அப்புறம் அந்த தவிட்டு ஜோக்கு. “உன்னையத் தவிட்டுக்கு வாங்குனோம்”னு பெத்த புள்ளைகளயே நம்ம வீட்டுப் பெருசுக கேலி பண்ணும், நம்ம எல்லாருமே அதக் கேட்டு ஒரு தடவையாவது அழுதவங்கதான். தத்துப்புள்ள இருக்குற வீட்டுல அந்தக் கேலி வாசலுக்கு வெளியிலயே நிக்கணும், சித்தப்பா மாமா எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிருங்க. அந்தப் புள்ளைய மட்டும் விட்டுட்டு மத்த புள்ளைகள அப்படிக் கேலி பண்றதும் வேண்டாம், அதுவும் வித்தியாசந்தான்.

சொந்தக்காரங்க, தெரு

வர்ற கேள்வி நாலே நாலுதான். புள்ள என்ன ஆளுக, யாரு ரத்தமோ, ஜாதகம் இருக்கா, எம்புட்டுக் குடுத்தீங்க. மொதக் கேள்விக்கு எங்க மச்சான் “எங்க ஆளுக”ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிரும், அதுக்கு மேல ஒரு விளக்கமும் குடுக்காது. நல்ல பதிலு அது. காசக் கேக்குறவங்ககிட்ட சிரிக்காம, “விலைக்கு வாங்குனா ஜெயிலு, அரசாங்கம் சொல்ற கட்டணத்த பேங்க்ல கட்டி ரசீது வாங்கியிருக்கோம்”னு சொல்லுங்க. “பெரிய புண்ணியம் பண்ணீங்க”ன்னு புள்ள முன்னாடியே பாராட்டுறவங்களையும் நிறுத்துங்க, அதுவும் கேக்குது, தான் யாரோ புண்ணியத்துல சாப்பிடுறோம்னு நெனைக்கும். எங்களுக்குத்தான் அதிர்ஷ்டம்னு சொல்லி பேச்ச மாத்துங்க. புள்ளயோட பழைய விவரம், பெத்தவங்களப் பத்தி பேப்பர்ல இருக்குறது, இதெல்லாம் புள்ளயோட சொத்து, பெரியம்மாவுக்கே ஆனாலும் சொல்லாதீங்க. தத்துங்கிறத ஒளிக்க வேண்டாம், பழைய கதைய விளம்பரம் பண்ணவும் வேண்டாம், போட்டோவ வாட்ஸ்அப் குரூப்புல கதையோட போடவும் வேண்டாம்.

ஊரு வாய மூடுறதுக்கு நம்ம பக்கம் பெரிய ஆயுதம் சடங்குதான். மொட்டையடிச்சு காது குத்துறப்ப தாய்மாமன் மடியில புள்ள உக்காந்துருச்சுன்னா பாதி ஊரு வாய மூடிரும். அதனால கலெக்டர் ஆணைக்கு அலையிறதுக்கு முன்னாடியே தாய்மாமன்கிட்ட போயி உக்காந்து பேசுங்க, சீரு எம்புட்டுன்னு பேசச் சொல்லல, சபையில நிப்பியான்னு கேளுங்க. குலதெய்வக் கோயில்ல பங்காளிக யாராச்சும் முணுமுணுத்தா கோயில் வரிப் பட்டியல்ல புள்ள பேரு ஏறுற வரைக்கும் விடாதீங்க. கிறிஸ்தவக் குடும்பம்னா பங்குச் சாமியாருகிட்ட தத்து ஆணை காப்பியக் குடுத்து ஞானஸ்நானப் பதிவ ஒழுங்கா பண்ணுங்க, ஞானத்தகப்பனா உங்க கூடப்பொறந்தவங்களயே நிக்க வைங்க.

சொந்தம் ஏத்துக்கிருச்சான்னு தெரிஞ்சுக்க எனக்கு ஒரு அளவுகோல் இருக்கு, முறை சொல்லிக் கேலி பண்றாங்களான்னு பாப்பேன். காதுகுத்து முடிஞ்சு பந்தியில ஒரு கெழவி என் மகனப் பாத்து, “ஏலே, இந்தா உன் பொண்டாட்டி அழுகுறா பாரு, போயி தூக்கு”ன்னுச்சு. அவனுக்கு அஞ்சு வயசு, மொறச்சுக்கிட்டு ஓடிட்டான். நெருங்குன சொந்தத்துல கல்யாணம் முடிக்கிறதுல எனக்கு உடன்பாடு கெடையாது, ஆனா அன்னைக்கு அந்தக் கெழவி வாயில இருந்து வந்தது எங்க அக்காவுக்கு கலெக்டர் கையெழுத்தவிட பெருசாத் தெரிஞ்சுச்சு.

அப்பத்தா, தாத்தா மாதிரி ஆளுக மொரண்டு பண்ணா வாதாடாதீங்க, வேலை குடுங்க. எண்ணெய் தேச்சு விடச் சொல்லுங்க, பேரு வைக்கிறதுல அவங்களுக்கு ஒரு பங்கு குடுங்க. ஆனா வெளிப்படையா வித்தியாசம் காட்டுனா, பேரனுக்கு ரெண்டு முறுக்கு இதுக்கு ஒன்னுங்கிற கணக்கு வந்தா, அப்பா நேராப் பேசணும். அத மருமக பேசுனா சண்டையாத்தான் முடியும், மகன் பேசுனாத்தான் எடுபடும்.

ஸ்கூல், ஆஸ்பத்திரி

கிளாஸ் டீச்சருக்கு மட்டும் சொல்லிருங்க. குடும்ப மரம் வரைஞ்சுட்டு வா, பொறந்தப்ப எடுத்த போட்டோ கொண்டு வான்னு வீட்டுப்பாடம் குடுப்பாங்க, அப்ப வீட்டுக்கு வந்த அன்னைக்கு எடுத்த போட்டோவ ஒட்டிக்கலாம்னு டீச்சரே சொன்னா போதும். டாக்டர் “குடும்பத்துல யாருக்காச்சும் சுகர், வீசிங்கு இருக்கா?”ன்னு கேட்டா உங்க வீட்டு சுகரச் சொல்லி வைக்காதீங்க, தத்துன்னு சொல்லி அந்தப் பழைய மருத்துவ அறிக்கையக் காட்டுங்க.

சொத்து, ஃபைலு

தத்து ஆணை வந்த நாள்ல இருந்து அந்தப் புள்ளைக்கு பெத்த புள்ளைக்கு இருக்குற அதே உரிமை, பின்னாடி உங்களுக்குச் சொந்தமா ஒன்னு பொறந்தாலும் கொறையாது. ஆனா பங்காளிக சண்டைக்காரங்கன்னு தெரிஞ்சா உயில் எழுதிப் பதிவு பண்ணி வைங்க. ரேஷன் கார்டு, ஆதார், மீனவர் நலவாரிய அட்டையில குடும்ப விவரம், பேங்க், இன்சூரன்ஸ் நாமினி, எல்லாத்துலயும் பேரு ஏறணும். கடலுக்குப் போற வீடு, நாளைக்குன்னு தள்ளக்கூடாது.

புள்ள பெருசாகி பெத்தவங்களத் தேடணும்னு சொன்னா மூஞ்சியத் தூக்காதீங்க. 18 வயசுக்கு மேல அதுவே தத்து மையத்துலயோ காராவுலயோ விண்ணப்பிக்கலாம், பெத்தவங்க சம்மதம் இல்லாம அவங்க விவரத்தக் குடுக்க மாட்டாங்க, சில சமயம் ஒன்னுமே கெடைக்காது, அதையும் முன்னாடியே சொல்லி வைங்க. அதுக்குத் தேவைப்படுறது இந்தப் பழைய பேப்பருதான்.

அதனால தத்து ஆணை, குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை, மொத போட்டோ எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மெயில்ல போட்ருங்க. நம்ம பக்கத்து உப்புக் காத்துக்கு பீரோவுல வச்ச பேப்பரே நாலு வருஷத்துல பூத்துப் போகுது, புயல் வந்தா சொல்லவே வேணாம். ஒரிஜினல லேமினேஷன் பண்ணாம பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஜிப் ஃபைல்ல வைங்க, ஒரு செட் காப்பிய கடக்கரைய விட்டுத் தள்ளி பரமக்குடிப் பக்கமோ மதுரையிலயோ இருக்குற சொந்தக்காரங்க வீட்டுல குடுத்து வைங்க.